கண்ணுக்குள்ளை ஒரு நுங்கு

நெடுந்தீவு மேற்கு
06.06.2024

அண்ணைக்கு,

உங்களோடை இனிக் கதைக்கமாட்டன் எண்டு, என்ரை மனுசனைப் புதைச்ச அண்டைக்குச் சவக்காலை வாசலிலை வைச்சுச் சொன்னனான். இவற்றை ஒரு வருசப் பூசை வரைக்கும் கதைக்கிறேல்லை எண்டு பிறகு மாதாவிட்டையும் சொல்லிப்போட்டன். அது அப்பிடியே கிடக்குது. இது கதைக்கிறதில்லை, எழுதுறது. அஞ்சாம் வகுப்போடை நிண்ட கை, பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ.

மாமாவுக்காகத்தான் எழுதுறன். மகனை, இவரை, கடலுக்குக் குடுத்து மூண்டு மாதத்திலை பஸ்ரியாம்பிள்ளை மாமாவுக்கு மிஞ்சியிருந்த ஒரு கண்ணும் இருட்டிப்போச்சு. கண்ணுக்குள்ளை திரை கழண்டிட்டுதாம். கொழும்பிலை ஒப்பிறேசன் செய்து, திரை ஒட்டிப் பிடிக்கவெண்டு உள்ளுக்கை ஒரு காத்துக் குமிழி விட்டிருக்கினம். குமிழி ரண்டு மாதத்திலை தானாய்க் கரைஞ்சு போகுமாம். அதுவரைக்கும் குனிஞ்சபடி இருக்கோணும். குலுங்கக் கூடாது. குலுங்கித் திரை திரும்பக் கழண்டால் ஒண்டும் செய்யேலாது எண்டு டொக்டர் எனக்கு ரண்டு தரம் சொன்னவர். கேட்டியோ பிள்ளை, கேட்டியோ எண்டு.

ரண்டு கிழமைக்கு ஒருக்கா செவ்வாய்க்கிழமையிலை யாழ்ப்பாணம் கிளினிக். கடலிலை எனக்குப் பயமில்லை. கடல் தூக்கும், இறக்கும், அடிக்காது. வீட்டிலையிருந்து துறைக்குப் போற றோட்டுத்தான் அடிக்கிறது. ஓட்டோவிலை ஏத்திப் பாத்தன். மூண்டு சில்லிலை ஒண்டு பள்ளத்தைத் தப்பினால் மற்றது விழும். பஸ்ஸைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மோட்டச்சைக்கிள் ஒண்டுதான் கல்லுக்கும் கல்லுக்கும் இடையாலை போகும். அதை ஓட எனக்குத் தெரியும், இவர் பழக்கினவர். ஆனால் இவற்றை மோட்டச்சைக்கிள் அடிக்கிற அடி முள்ளந்தண்டாலை ஏறித் தலையிலை நிக்குது.

அடிக்காமல் இருக்க என்ன செய்யோணும்? கராச்சிலை மோட்டச்சைக்கிள் திருத்துறதுதானே உங்கடை தொழில். எழுதுங்கோ. வராதேங்கோ. எங்கடை வளவுக்கை காலடி வைக்கவேண்டாம் எண்டு சொன்னதும் அப்பிடியே கிடக்குது.

போட்டிலை வேலை செய்யிற சுதன் கொண்டுவந்து தருவான். மறுமொழியையும் அவனிட்டைக் குடுங்கோ.

பிரேமினி

*

வேலணைச் சந்தி
08.06.2024

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்தில் பிழை இல்லை.

முதல் வேலை, காற்று. மீன் பெட்டி ஏற்றுவதற்காக மச்சான் றெக்ஷன் பின் ரயரைக் கல்லு மாதிரி அடித்து வைத்திருப்பான். பின்னுக்கு இருபத்தெட்டு, முன்னுக்கு இருபத்திரண்டு இருந்தால் போதும். அளக்க வழியில்லை என்றால் பெருவிரலால் அமத்திப் பார். பழுக்கத் தொடங்கின கொய்யாக்காய்ப் பதம். அதுக்குக் கீழே போனால் றிம் நெளிந்துபோகும்.

இரண்டாவது, பின் சொக், அந்த ஸ்பிறிங் போட்ட கால், எவ்வளவு இறங்குகிறது என்று எனக்குத் தெரிய வேணும். நடு ஸ்ராண்டில் விட்டுப் பின் சில்லு அந்தரத்தில் தொங்கட்டும். சில்லு நட்டிலிருந்து சொக்கின் மேல் நட்டு வரைக்கும் ஒரு ஈர்க்கை வைத்து அளவாக முறி. பிறகு ஸ்ராண்டை எடுத்து, நீயும் மாமாவும் ஏறி இருங்கள். வேறு ஆரையும் கொண்டு அதே இடத்தில் இன்னொரு ஈர்க்கு முறிப்பி. இரண்டையும் எனக்கு அனுப்பு.

மூன்றாவது, இரண்டு சொக்கின் அடியிலும் ஸ்பிறிங் குந்துகிற இடத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டின வளையம் ஒன்று இருக்கும். மேலே போகப் போக இறுக்கம். எத்தனையாம் படியில் நிற்கிறது என்று பார்த்து எழுது. இப்போதைக்குத் திருப்ப வேண்டாம்.

மாமாவை இரண்டு மாதம் இங்கே என் வீட்டில் விடலாம். இங்கே இருந்து யாழ்ப்பாணம் தார் றோட்டுத்தான். யோசி.

அண்ணை
ஜெயரூபன்

*

நெடுந்தீவு மேற்கு
13.06.2024

அண்ணைக்கு,

எழுத்திலை பிழை இல்லை எண்டது பொய். ‘சொக்’ எண்டதை நான் மூண்டு விதமாய் எழுதி அழிச்சனான்.

மாமாவிட்டை உங்கடை வீட்டைப் பற்றிக் கேட்டன். “பின்னேரத்திலை றெக்ஷனிட்டைப் போகாமல் எனக்கு ஏலாது” எண்டார். பொழுதுபட முன்னம் குனிஞ்சபடியே சவக்காலைக்கு நடந்து போட்டு வருவார். அதாலை அந்தக் கதையை விடுங்கோ.

காத்தைக் குறைச்சன். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போட்டு வந்தம். மாமா பின்னாலை இருந்து குனிஞ்சு நெத்தியை என்ரை முதுகிலை வைச்சார். இடையிலை ஒரு தலகணி. சந்தியிலை நிண்டவங்கள், “பிரேமினி மாமனை மூட்டை கட்டிக் கொண்டுபோறாள்” எண்டு சிரிச்சாங்கள். மாமா தலையை நிமித்தாமலே, “ஓமடா, விலைப்படுமோ எண்டு பாக்கப் போறம்” எண்டார்.

ஒவ்வொரு அடிக்கும் கண்ணுக்குள்ளை இருக்கிற குமிழி ஆடுமாம். “எடி பிள்ளை, நுங்கு மாதிரிக் கிடந்து ஆடுதடி” எண்டார். எனக்கு உடனை ஒரு யோசினை வந்தது. எத்தினை தரம் ஆடுது எண்டு எண்ணுங்கோ எண்டன். செபமாலையை எடுத்து, நுங்கு ஆடுற ஒவ்வொருக்காவும் ஒரு மணி தள்ளினவர். பள்ளிக்கூடத்தடி வரேக்கை அம்பத்தொன்பது மணியும் முடிஞ்சு திரும்பத் துவங்கினது. செபமாலையை இதுக்குப் பாவிக்கிறது பாவமில்லையோ எண்டு கேட்டன். “கண்ணுக்காகத்தானே மன்றாடுறன், நடுவிலை எண்ணினால் மாதா கோவிக்கமாட்டா” எண்டார்.

அந்த நுங்கு அடிப்பக்கத்திலை நிக்குதாம். மேலை மட்டும் ஒரு கீலம் வெளிச்சம். தலையை நிமித்தினால் வானம் தெரியுதாம், பனையின்ரை ஓலை வட்டுத் தெரியுதாம், அடிமரம் தெரியேல்லையாம். “வட்டெல்லாம் தண்ணியிலை மிதக்குதடி” எண்டு சொன்னார். நானும் கொஞ்ச நேரம் அப்பிடியே பாத்துக்கொண்டு நிண்டன். உண்மையாய் மிதந்தமாதிரித்தான் இருந்தது.

ஈர்க்கு ரண்டும் இதுக்குள்ளை கிடக்குது. பக்கத்து வீட்டு இராசமணி அக்கா முறிச்சுத் தந்தவ. வளையம் இடப்பக்கம் மூண்டாம் படி. வலப்பக்கம் அஞ்சாம் படி.

அந்த வளையத்தை நான் தொடமாட்டன். அது இவர் வைச்சுவிட்ட படி. கடைசியாய் உங்கடை கராச்சுக்கு வந்து திரும்பின நாளிலையிருந்து அப்பிடித்தான் நிக்குது. இவற்றை சேட்டெல்லாம் தோய்ச்சாச்சு. மணம் போட்டுது. வலை வித்தாச்சு. இவற்றை கை கடைசியாய் வைச்சபடி இருக்கிறது அந்த ரண்டு வளையமுந்தான்.

அந்த நாளைப் பற்றியும் கேக்கிறன். பெப்ரவரி பதினைஞ்சு. அங்கையிருந்து வந்து சோறு வேண்டாம் எண்டார். “பாதி சரிவந்திட்டுது” எண்டு ஏதோ சொன்னார், எனக்கு விளங்கேல்லை. அடுத்தநாள் விடியக் கடலுக்குப் போனவர். மூண்டாம் நாள்தான் வந்தவர், வந்த விதம் உங்களுக்குத் தெரியும். அண்ணை, அண்டைக்கு நீங்கள் இவருக்கு என்ன சொன்னியள்?

பஸ் உங்கடை கராச்சைத் தாண்டேக்கை நான் மற்றப் பக்கம் பாத்தன்.

பிரேமினி

*

வேலணைச் சந்தி
17.06.2024

தங்கச்சிக்கு,

பஸ் போகும்போது கண்டேன். மாமாவின் தலை யன்னலுக்கு மேலே தெரியவில்லை.

இரண்டு ஈர்க்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் அரை இஞ்சி. இரண்டு பேர் ஏறியும் அரை இஞ்சிதான் இறங்குது. ஒன்றேகால் இஞ்சியாவது இறங்க வேணும். நீயும் மாமாவும் சேர்ந்தாலும் தொண்ணூறு கிலோ வராது. அந்த இறுக்கம் றெக்ஷனுக்கும் ஒரு மீன் பெட்டிக்கும் வைத்தது. பாரம் போதாத ஸ்பிறிங் அசையாது, அடிக்கும்.

வளையத்தை இறக்க வேணும். ஒரு பக்கம் மூன்று, ஒரு பக்கம் ஐந்து என்று நிற்பதும் சரியில்லை. ஆனால் தொடமாட்டேன் என்கிறாய்.

அதுவரைக்கும் முன் பக்கத்தைப் பார்ப்போம். முன் கால் இரண்டுக்குள்ளும் ஒயில் செத்திருக்கும். சுதனிடம் இரண்டு மருந்துப் போத்தில் தந்திருக்கிறேன், ஒரு காலுக்கு ஒன்று, அளந்து விட்டது. எஞ்சினுக்குக் கீழே கட்டை வைத்து முன் சில்லைத் தூக்கு. காலின் அடியில் இருக்கிற சின்ன ஆணியைக் கழற்றினால் பழைய ஒயில் வரும். ஆணியைத் திரும்பப் பூட்டிவிட்டு, மேல் மூடியை உள்ளங்கையால் அமத்திப் பிடித்தபடி கழற்று. ஸ்பிறிங் துள்ளும், முகத்தைக் கொடுக்காதே. பிறகு புது ஒயிலை விட்டு மூடு.

நீ கேட்டதுக்கு மறுமொழி பிறகு எழுதுகிறேன். இந்தக் கிழமை வேலை கூட.

அண்ணை
ஜெயரூபன்

*

நெடுந்தீவு மேற்கு
27.06.2024

அண்ணைக்கு,

கேட்டதுக்கு மறுமொழி வரேல்லை. வேலை கூட எண்டு எழுதினியள். இந்தச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலை தாண்டேக்கை மற்றப் பக்கம் பாக்கிறன் எண்டு பாத்தும் கண்ணிலை பட்டது, நீங்கள் கராச்சு வாசலிலை சும்மாதான் நிண்டனியள்.

ஒயில் மாத்தினன். பழையது கறுப்பாய்க் கணவாய் மை மாதிரி வந்தது. மூடி துள்ளி இராசமணி அக்கான்ரை கோழிக்கூட்டுக்கை போய் விழுந்தது. முகத்தைக் குடுக்கேல்லை.

அண்டைக்குச் செபமாலையிலை முப்பத்தொரு மணி. பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்குது. டொக்டர் நல்லாய் ஒட்டிக்கொண்டு வருது எண்டார். மாமாவுக்கு இப்ப கோயில் கூரை தெரியுது. என்ரை தலையும் தெரிஞ்சிட்டுது. என்னை முன்னாலை நிக்கச் சொல்லிப்போட்டு நிமிந்து பாத்தார். தலை மட்டும் தெரியுதாம், முகம் நுங்குக்குள்ளையாம். “உனக்கு நரைச்சுப் போச்சடி பிள்ளை” எண்டார். நான் கண்ணாடி பாக்கிறதில்லை. எனக்கு மாமாதான் முதல் சொன்னவர்.

ஒரு கனவு கண்டன். நான் மோட்டச்சைக்கிள் ஓடுறன், இவர் பின்னாலை இருக்கிறார். றோட்டிலை முழங்கால் ஆழத்துக்குத் தண்ணி, தெளிஞ்ச தண்ணி. அடியிலை கல்லெல்லாம் வெள்ளையாய்த் தெரியுது. ஒண்டிலையும் முட்டேல்லை. ரண்டு பக்கமும் எங்கடை தீவுக் குதிரையள் வயித்தளவு தண்ணியிலை நிண்டு பாக்குது. சத்தமே இல்லை. ஏனப்பா உங்களுக்குப் பாரமில்லை எண்டு கேக்கிறன். “நீ ஓடு” எண்டிறார். பாரமில்லாட்டில் அடிக்குமெல்லோ எண்டிறன். முழிச்சிட்டன்.

முழிச்ச உடனை விளங்கிச்சுது. நீங்கள்தானே எழுதினியள், பாரம் காணாது எண்டு. அப்ப படியை ஏன் இறக்குவான்? பாரத்தை ஏத்தினால் போதும். கரையிலை மணல் அள்ளி உரப்பையிலை கட்டி, மீன் பெட்டி வைச்ச இடத்திலை வைச்சுக் கட்டிப்போட்டன். முதல் தனிய ஓடிப் பாத்தன். அண்ணை, அது இறங்கிச்சுது. இவர் ஏறி இருக்கிற மாதிரியே மெத்தெண்டு இறங்கிச்சுது. பின்னாலை திரும்பிப் பாக்காமல் துறை வரைக்கும் போட்டு வந்தன்.

ஞாயிறு பூசைக்கு மாமாவை ஏத்திக்கொண்டு போய்ப் பாக்கப்போறன்.

பிரேமினி

*

வேலணைச் சந்தி
29.06.2024

தங்கச்சி,

மணலை இறக்கு. கடிதம் கிடைத்த உடனே இறக்கு. இறுக்கிக் கட்டினாலும் மணல் பைக்குள்ளே ஓடும். பின்னுக்குப் பாரம் கூடினால் முன் சில்லு நிலத்தைப் பிடிக்காது, புழுதியில் கைபிடி இழுத்துவிடும். மாமாவை ஏற்றாதே.

சுதன் இண்டைக்கு லீவு. வேறு ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன். கிடைக்க வேணும்.

ஜெயரூபன்

*

நெடுந்தீவு மேற்கு
04.07.2024

அண்ணைக்கு,

உங்கடை கடிதம் திங்கக்கிழமை வந்தது. நாங்கள் ஞாயிறு விழுந்திட்டம்.

கோயிலடி வளைவிலை. நல்லாய்த்தான் போனது. மாமா, “ஆறு மணிதானடி பிள்ளை தள்ளியிருக்கிறன்” எண்டு சொல்லி வாய் மூடேல்லை, புழுதியிலை முன் சில்லு தன்ரை பாட்டுக்குப் போட்டுது. நான் காலை ஊண்டினன். மோட்டச்சைக்கிள் மெதுவாய்த்தான் சாய்ஞ்சது. ஆனால் மாமா மதிலோடை மோதுப்பட்டு இருந்திட்டார். காயமில்லை. கண்ணுக்கை மின்னல் அடிக்குது எண்டார். பிறகு ஒரு பக்கம் கறுப்பாய் மை ஊத்தின மாதிரி வருது எண்டார்.

செவ்வாய்க்கிழமை அவரைக் கதிரையிலை இருத்தி நாலு பேர் துறை வரைக்கும் தோளிலை தூக்கிக்கொண்டு நடந்தவை. மாமா குனிஞ்சபடி, “மாதா சுருபம் தூக்கிற மாதிரித் தூக்கிறியள், ஒரு பாட்டும் படியுங்கோவன்” எண்டார். சிரிச்சவை. நான் பின்னாலை நடந்து போனன். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

உள்ளுக்கை ரத்தம் கசிஞ்சிருக்குது எண்டு டொக்டர் சொன்னார். திரை கழண்டுதோ இல்லையோ இப்ப சொல்லேலாதாம். ஒன்பதாம் தேதி திரும்ப வரச்சொன்னவர். அதுக்கிடையிலை இன்னொரு அடி அடிச்சால் அவற்றை கையிலை ஒண்டுமில்லையாம். ஒவ்வொருக்காவும் நாலு பேரைத் தோள் தரச் சொல்லிக் கேக்க எனக்கு ஏலாது. அவையும் கடலுக்குப் போறவை.

அண்ணை, நான் என்ரை ஆசைக்காக மனுசன்ரை கண்ணை விளையாட்டாய் எடுத்துப்போட்டன். இவற்றை பாரம் வேணும் எண்டு மணலைக் கட்டினவள் நான். மாமா என்னை ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

வளையத்தை இறக்கத்தான் வேணுமெண்டால் எப்பிடி எண்டு எழுதுங்கோ. இறக்கினால் இவர் வைச்சது போயிடும். போகட்டும்.

பிரேமினி

*

வேலணைச் சந்தி
06.07.2024

பிரேமினி,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துப்போட்டேன். கராச்சைப் பூட்டிவிட்டு இருந்து எழுதுகிறேன்.

அந்தப் படியை வைத்தது றெக்ஷன் இல்லை. நான்.

பெப்ரவரி பதினைந்தாம் தேதி அவன் மீன் பெட்டி இல்லாமல் வந்தான். ரண்டு வளையமும் அப்ப அஞ்சாம் படியிலை நிண்டது. “மச்சான், பின் சொக்கை மூண்டுக்கு இறக்கு” எண்டான். ஏனடா, தொழிலை விட்டிட்டியோ எண்டு கேட்டன். “பிரேமினிக்கு நாரி ஏலாது, இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். துறைக்குப் போகேக்கை பாதியிலை இறங்கி நடக்கிறாள். ஏனெண்டு கேட்டால் காலாற நடக்கிறன் எண்டு பொய் சொல்லுறாள். மீன் கொஞ்சம் குறைச்சு ஏத்தினால் போச்சு, அவள் இருந்து வரட்டும்” எண்டான்.

கராச்சிலை நாலைஞ்சு பேர் நிண்டவை. நான் இடப்பக்கத்தை இறக்கிக்கொண்டே பகிடி விட்டன். “பஞ்சு மெத்தை ஒண்டும் தைச்சுத் தாறன் மாப்பிள்ளை, இராசாத்தியை இருத்திக்கொண்டு போ” எண்டன். எல்லாரும் சிரிச்சாங்கள். அவன் சிரிக்கேல்லை. “அவளின்ரை நாரி ஆராலை போனது எண்டு உனக்குத் தெரியாதோ” எண்டான். “இடம்பெயர்ந்த நேரம் பத்து வயசுப் பிள்ளை ரண்டு மைல் தண்ணி சுமந்தது. நீ சோதினைக்குப் படிக்கிறன் எண்டு கொட்டிலுக்கை இருந்தனி. அவளைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்சதும் உனக்காகத்தான்” எண்டான்.

அது உண்மை. அதுதான் எனக்குக் கோவம் வந்தது. வளையம் திருப்புற சாவியை நிலத்திலை எறிஞ்சன். “மற்றப் பக்கத்தை உன்ரை கொப்பர் பஸ்ரியாம்பிள்ளையைக் கொண்டு இறக்குவி, இந்தக் கராச்சுப் பக்கம் இனி வராதை” எண்டன். அவன் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். ஒரு பக்கம் மூண்டு, ஒரு பக்கம் அஞ்சு.

அதுதான் நான் அவனுக்குச் சொன்னது. நீ கேட்டதுக்கு மறுமொழி அது.

சவக்காலை வாசலிலை நான் உள்ளுக்கு வராமல் நிண்டது, மரியாதை தெரியாமல் இல்லை. வர எனக்குக் காலில்லை. நீ என்னைப் பாத்துப் போகச் சொன்னாய். நான் போனன்.

சுதனிட்டை ஒரு சாவி குடுத்துவிடுறன். நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். அண்டைக்கு நிலத்திலை எறிஞ்ச அதே சாவிதான். கொக்கியை வளையத்தின்ரை ஓட்டையிலை மாட்டி, உன்ரை பக்கம் இழு. ஒரு படி விழேக்கை டக்கெண்டு கேக்கும். ரண்டு தரம் கேட்டால் மூண்டாம் படி. நீ அவன் வைச்சதை அழிக்கேல்லை. அவன் கேட்டு நான் முடிக்காமல் விட்டதை முடிக்கிறாய்.

மணலைக் கொட்டிவிடு. காத்தைத் திரும்ப ஒருக்கால் பார். கல்லைக் கண்டால் பிறேக் பிடிச்சபடி ஏறாதை, பிறேக்கை விட்டிட்டு ஏறு. பிறேக் பிடிச்ச முன் சொக் ஏற்கெனவே அமந்துபோய்க் கிடக்கும், அதாலை இறங்க இடமிராது.

அண்ணை

*

நெடுந்தீவு மேற்கு
25.07.2024

அண்ணைக்கு,

உடனை எழுதேல்லை. ரண்டு கிளினிக்கும் முடியட்டும் எண்டு இருந்தன்.

உங்கடை கடிதத்தை மாமாவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினன். ஒரு சொல்லும் விடேல்லை. அவர் நிலத்தைப் பாத்தபடி கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு நான் கேட்டன், அந்தக் கோவத்தோடை போனபடியாலைதானோ மாமா கடல் கொண்டுபோனது எண்டு. “கோவத்தோடை அவன் எத்தினை நாள் போனவன், வந்தவன். உன்னோடை சண்டை பிடிச்சிட்டுப் போய் விளைமீன் நிறையக் கொண்டு வரேல்லையோ. அண்டைக்குக் காத்து மாறினது. அவ்வளவுதான் பிள்ளை” எண்டார். “சாவியைக் கொண்டு வா” எண்டும் சொன்னார்.

மணலைக் கரையிலை கொண்டுபோய் அள்ளின இடத்திலையே கொட்டினன். அலை வந்து எடுத்துக்கொண்டு போச்சுது.

வலப்பக்க வளையம் உப்புப் பிடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டன். மாமாவைப் பலம் குடுத்து இழுக்க விடேல்லை. அவர் பக்கத்திலை குந்தியிருந்து விரலாலை தடவிப் படியை எண்ணினார். அஞ்சு. நான் இழுத்தன். டக். நாலு. இன்னொருக்கால் இழுக்கேக்கை எனக்கு அழுகை வந்திட்டுது, கை வழுக்கினது. “றெக்ஷனுக்குக் கோவம் வரப்போகுது, இழு” எண்டார். டக். மாமா இடப்பக்கத்தையும் தடவிப் பாத்தார், திரும்ப வலப்பக்கத்தையும். “ரண்டும் ஒண்டு” எண்டார். அப்பதான் சிரிச்சார். “கொப்பரைக் கொண்டு இறக்குவி எண்டு சொன்னவனெல்லோ உன்ரை கொண்ணன். கொப்பர் இறக்கிப்போட்டார் எண்டு எழுது.”

எழுதிப்போட்டன்.

ஒன்பதாம் தேதி விடிய வெளிக்கிட்டம். நீங்கள் எழுதின மாதிரிக் கல்லடியிலை பிறேக்கை விட்டு ஏறினன். ஏறினது தெரியேல்லை. வள்ளம் சின்ன அலையிலை ஏறி இறங்கிற மாதிரிப் போச்சு. துறையிலை நிப்பாட்டிப்போட்டுத்தான் கேட்டன், கேக்கப் பயமாயிருந்தது. மாமா செபமாலையைத் தூக்கிக் காட்டினார். நாலு மணி. “நாலிலையும் ரண்டு நான் தும்மினது” எண்டார்.

ரத்தம் காய்ஞ்சிட்டுதாம். திரை கழரேல்லையாம். அண்டைக்கும் டொக்டர் ரண்டு தரம் சொன்னவர். இருபத்திமூண்டாம் தேதி திரும்பப் போனம், மூண்டு மணி, தும்மல் இல்லை.

இப்ப நுங்கு சுருங்கி ஒரு பயத்தங்காய் விதையளவு. கண்ணின்ரை அடியிலை கிடந்து உருளுதாம். நேற்று என்ரை முகத்தைக் கண்டவர். கண்ட உடனை குசினிக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னார். பின்னேரம் சவக்காலையிலை இருந்து வந்து, “கல்லிலை றெக்ஷன்ரை பேரை வாசிச்சன். கீழை போட்டிருக்கிற தேதி மட்டும் இன்னும் தெரியேல்லை” எண்டார். “தெரியாட்டில் போகட்டும்” எண்டும் சொன்னார்.

இன்னொண்டு. கிளினிக்காலை வந்து மாமாவைத் துறையிலை ஆக்களோடை கதைக்க விட்டிட்டு, நான் தனிய மோட்டச்சைக்கிளிலை இருந்து கொஞ்சத் தூரம் ஓடினன். திரும்பி வந்து இறங்கேக்கைதான் நினைச்சன், நாரி நோகேல்லை. இவர் எனக்கெண்டு கேட்டு, நான் ஒரு நாளும் ஏறி இருக்காமல் விட்டது. பின்னாலை இருக்க வேண்டியவள் முன்னாலை இருக்கிறன், அது ஒண்டுதான் வித்தியாசம். நான் காலாற நடக்கிறன் எண்டு சொன்ன பொய்யை அவர் நம்பினவர் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்.

தண்ணி தூக்கினதை நான் மறந்து கனகாலம். நீங்கள் அண்டைக்குக் கொட்டிலுக்கை இருந்து சத்தமாய்ப் படிச்ச பாடங்கள் எனக்கு இப்பவும் மனப்பாடம். அதாலைதான் கொஞ்சமாவது எழுத வருது.

பஸ் உங்கடை கராச்சைத் தாண்டேக்கை இந்தமுறை பாத்தன். நீங்கள் ஒரு லான்மாஸ்ரர் உழவு மிசினுக்குக் கீழை கிடந்தியள். காலை மட்டுந்தான் கண்டன்.

பூசை பெப்ரவரியிலை. மாதாவுக்குச் சொன்னதை மாத்தேலாது, அதுவரைக்கும் கதைக்கமாட்டன். வளவுக்கை வரவேண்டாம் எண்டது மாதாவுக்குச் சொன்னதில்லை, அது உங்களுக்கு நான் சொன்னது. நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் பிறகு கடல் கொஞ்சம் அடங்கும். துறையிலை மோட்டச்சைக்கிளோடை நிப்பன். நான் ஒண்டும் கதைக்காமல் ஓடுவன், நீங்கள் பின்னாலை இருங்கோ.

உங்கடை பாரம் எத்தினை கிலோ எண்டு எழுதுங்கோ. வளையத்தை எத்தினையாம் படியிலை வைக்கோணும் எண்டு பாக்க.

பிரேமினி

*

வேலணைச் சந்தி
29.07.2024

தங்கச்சி,

எண்பத்தொரு கிலோ. சந்தையிலை மீன் நிறுக்கிற தராசிலை ஏறி நிண்டு பாத்தனான். எல்லாரும் சிரிச்சாங்கள்.

தொழில்படி பாத்தால் எனக்கு நாலாம் படி வேணும். வைக்காதை. மூண்டிலையே கிடக்கட்டும். கல்லு வரேக்கை நான் இறங்கி நடக்கிறன்.

அண்ணை